துரித உணவும் வெகுசனப் பண்பாடும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஐக்கிய அமெரிக்க நாவலாசிரியர் அப்டன் சிங்கிளெயரின் ‘த ஜங்கிள்’ என்னும் நாவல் 1905 இல் ஒரு சோஷலிச வார இதழில் தொடராக வெளிவந்து, 1906 பெப்ரவரியில் நூலுருப் பெற்றது. சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் ஏழு வாரங்கள் தங்கித் தகவல் திரட்டிய சிங்கிளெயர், லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூர்கிஸ் என்னும் தொழிலாளியின் குடும்பம் அத்தொழிற்சாலைகளில் படிப்படியாகச் சிதைவதையே நாவலின் பொருளாகக் கொண்டார். நூலை அமெரிக்கத் தொழிலாளருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் அந்நாட்டு மத்தியதர வர்க்க வாசகர் அதிற் கண்டது வேறு. தாம் உண்ணும் இறைச்சியில் என்னென்ன கலக்கின்றன என்பதை விவரிக்கும் சில பக்கங்களே அவர்களை உலுக்கின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் விசாரணையாளரை அனுப்பினார். 1906 யூன் 30 ஆம் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒப்பமிடப்பட்டன. அத்தொழிலாளரின் வேலைநேரத்தையோ கூலியையோ இச்சட்டங்கள் தொடவில்லை. மக்களின் இதயத்தை நோக்கி எழுதிய தமது நூல் அவர்களின் வயிற்றைச் சென்றடைந்ததோடு நின்றுவிட்டதெனச் சிங்கிளெயர் பின்னர் வருந்தினார்.

இலக்கிய வரலாற்றில் இது வாசிப்புப் பற்றிய ஒரு முக்கிய நிகழ்ச்சியாகும். இன்று துரித உணவு பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அவ்வாசிப்பையே மீண்டும் நிகழ்த்துகின்றன என்பது எமது கருத்து. ஒரு சாரார் உண்பவனின் சுயகட்டுப்பாட்டின்மையைக் குறை கூறுவர்; இன்னொரு சாரார் அந்நியப் பண்பாட்டின் படையெடுப்பென்பர். இரு சாராரும் தட்டில் உள்ளதைக் காண்கின்றனர். அதைத் தட்டில் இட்ட கையைக் காண்பதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும் மரபொன்று நமக்குண்டு. ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், இலண்டன் வெதுப்பகங்களில் பாணில் நிகழ்ந்த கலப்படத்தையும் அங்கு இரவிரவாக உழைத்தோரின் ஆயுட் குறைவையும் மார்க்ஸ் ஒரே பிரச்சினையின் இரு முகங்களாகவே விவரித்தார்.

அந்நெறியில் நின்று, துரித உணவின் ‘துரிதம்’ எங்கிருந்து வந்தது என்னும் வினாவை நாம் இங்கு எழுப்புகின்றோம். அது உண்பவரின் அவசரத்திலிருந்து பிறந்ததன்று. உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலிருந்து பிறந்தது. அம்முறையே பின்னர் உண்பவரின் உடலையும் மனத்தையும் தனக்கேற்ப உருவாக்கிக் கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

துரித உணவின் முன்வரலாறு உணவு விடுதியில் அன்றி இறைச்சித் தொழிற்சாலையில் தொடங்குகின்றது. சிக்காகோவில், கொல்லப்பட்ட மாடு தலைக்கு மேலோடும் தண்டவாளத்தில் தொங்கியவாறு நகரும். வரிசையாக நின்ற தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரே வெட்டினை நாள் முழுவதும் செய்தனர். முழு மாட்டையும் உரித்துக் கூறுபோடத் தெரிந்த இறைச்சிக் கடைக்காரனின் தொழிற்றிறன் இவ்வாறு துண்டாடப்பட்டது. ஹென்றி போர்ட் 1913 இல் தமது ஹைலண்ட் பார்க் மோட்டார்த் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசையை அமைத்தபோது, அதன் எண்ணம் சிக்காகோ இறைச்சித் தொழிலிலிருந்தே பெறப்பட்டதென 1922 இல் வெளியான தமது நூலில் ஒப்புக்கொண்டார். மாட்டைப் பிரித்த முறை மோட்டார் வண்டியைப் பொருத்தும் முறையாயிற்று. இப்புதிய உற்பத்தி முறை புதியதொரு மனித வகையினையும் வேண்டிநிற்கின்றது என்பதைச் சிறையிலிருந்த கிராம்சி 1934 அளவில் ‘அமெரிக்கனிசமும் போர்டிசமும்’ என்ற குறிப்புகளிற் சுட்டினார். தொழிலாளியின் குடிப்பழக்கத்திலும் குடும்ப வாழ்விலும் முதலாளி கண்வைத்தமை அவருக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

சிங்கிளெயரின் நாவல் அரைத்த இறைச்சி மீது ஏற்படுத்திய அச்சத்துக்கு மூலதனம் அளித்த விடையே 1921 இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றாவில் தோன்றிய ‘வைற் காசில்’ என்னும் கடை எனலாம். 5 சதத்துக்கு விற்கப்பட்ட சிறிய ஹம்பர்கர், வெண்ணிறக் கட்டடம், வாடிக்கையாளரின் கண்முன்னே இறைச்சி சுடப்படும் ஏற்பாடு ஆகியன தூய்மையின் குறியீடுகளாக அமைக்கப்பட்டன. 1930 இல் இந்நிறுவனத்தின் நிதியுதவியுடன் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரங்கள் ஹம்பர்கரும் தண்ணீரும் மாத்திரமே உட்கொண்டார். அவர் உடல்நலத்துடன் இருந்தார் என்னும் முடிவு விளம்பரத்துக்குப் பயன்பட்டது. உணவு விஞ்ஞானமும் உணவு விளம்பரமும் கைகோத்தமைக்கு இது ஒரு தொடக்ககாலச் சான்றாகும்.

ஆயினும் தீர்க்கமான மாற்றம் 1948 இலேயே நிகழ்ந்தது. நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் தொழிற்சாலை நகரொன்றிற் பிறந்த ரிச்சர்ட், மொறிஸ் மக்டொனால்ட் சகோதரர், பிழைப்புத் தேடிக் கலிபோர்ணியா வந்து, ஹொலிவூட் படப்பிடிப்பு நிலையத்தில் காட்சியமைப்புப் பொருட்களைச் சுமந்து, பின் சிறு திரையரங்கொன்றையும் நடத்தியவர்கள். 1940 இல் அவர்கள் சான் பேர்னாடினோவில் திறந்த உணவகம், மோட்டார் வண்டியில் இருந்தவாறே உண்போருக்கு இளம் பணிப்பெண்கள் உணவு கொண்டுசென்று கொடுக்கும் வகையினது. வியாபாரம் நன்றாகவே நடந்தது. எனினும் 1948 இல் அவர்கள் கடையை மூடிப் பணிப்பெண்களை வேலையிலிருந்து நீக்கினர். ஏறத்தாழ 25 ஆக இருந்த உணவு வகைகள் 9 ஆகக் குறைக்கப்பட்டன. கத்தியும் முட்கரண்டியும் வேண்டிய உணவுகள் கைவிடப்பட்டன. பீங்கான் தட்டுகளுக்குப் பதிலாகக் கடதாசி வந்தது. ரெனிஸ் மைதானத்தில் சமையலறையின் வரைபடத்தை வெண்கட்டியால் வரைந்து, பணியாளரை அதில் நடமாடச் செய்து, ஒவ்வொரு அடியும் வீணாகாதவாறு சாதனங்களின் இடம் தீர்மானிக்கப்பட்டது. ஒருவர் இறைச்சியைச் சுடுவார்; ஒருவர் பாணில் வைத்துச் சுற்றுவார்; ஒருவர் உருளைக்கிழங்கு பொரிப்பார்; ஒருவர் பணம் பெறுவார். ஹம்பர்கரின் விலை 30 சதத்திலிருந்து 15 சதமாயிற்று.

இங்கு நீக்கப்பட்டவர் பணிப்பெண்கள் மாத்திரமல்லர்; சமையற்காரரும் நீக்கப்பட்டார். சமைக்கத் தெரிந்தவருக்குக் கூடிய கூலி கொடுக்க வேண்டும். அவர் விலகினால் இன்னொருவரைத் தேட வேண்டும். ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்பவரைச் சில மணித்தியாலங்களிற் பழக்கலாம். சிக்காகோவில் இறைச்சிக் கடைக்காரனுக்கு நேர்ந்ததே இங்கு சமையற்காரருக்கும் நேர்ந்தது. தட்டுக் கழுவும் வேலையும் மேசைக்குக் கொண்டுசெல்லும் வேலையும் கூலியின்றி உண்பவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

3

இம்முறை நாடளாவிப் பரவியமைக்குப் பால்கலக்கும் இயந்திர விற்பனையாளரான ரே க்ரொக் காரணர் என்று வழமையாகக் கூறப்படும். அவர் 1955 இல் இலினோய் மாநிலத்து டெஸ் பிளேன்ஸில் தமது முதலாவது கிளையைத் திறந்தார். 1961 இல் 27 இலட்சம் டொலர் கொடுத்துச் சகோதரரின் உரிமைகளை வாங்கினார். அதே ஆண்டில் முகாமையாளரைப் பயிற்றுவிக்க ‘ஹம்பர்கர் பல்கலைக்கழகம்’ என்ற ஒன்றினையும் நிறுவினார். பொரிக்கும் நேரம், கிழங்கின் தடிப்பு முதலிய யாவும் கைந்நூலில் விதிக்கப்பட்டன. நிறுவனத்தின் வருவாயிற் பெரும்பகுதி, கிளைகளை நடத்துவோருக்கு நிலத்தையும் கட்டடத்தையும் வாடகைக்கு விடுவதிலிருந்தே கிடைக்கலாயிற்று.

தனிமனித முயற்சி வரலாற்றுச் சூழலிலேயே பயன்தரும். 1956 இல் நிறைவேறிய சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலை வலைப்பின்னலுக்கு அரசாங்க நிதியை ஒதுக்கியது. நகர்ப்புறத் தொழிலாளரும் மத்தியதர வர்க்கத்தினரும் மோட்டார் வண்டியின்றி வாழவியலாத புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். மறுபுறம், கூலியுழைப்பில் ஈடுபட்ட பெண்களின் விகிதம் 1950 இல் ஏறத்தாழ 34 ஆகவிருந்து 1980 இல் ஏறத்தாழ 51 ஆக உயர்ந்தது. வீட்டு வேலையோ பெண்ணின் தலையிலேயே இருந்தது. வேலை முடிந்து திரும்பும் தாய்க்கு, சமைக்காமலே பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கக் கூடிய இடம் ஒரு விடுதலையாகவே தோன்றியது. அவ்வுணர்வைப் போலியென்று ஒதுக்குதல் ஆணாதிக்க நோக்காகும்.

சமையலைக் குடும்பத்திலிருந்து விடுவிக்கும் எண்ணம் முதலாளித்துவத்துக்கே உரியதன்று. பெண்களை வீட்டு அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வித்துகளாகப் பொது உணவுச்சாலைகளை லெனின் 1919 இற் குறிப்பிட்டார். 1925 இல் இவானோவோ-வொஸ்னெசென்ஸ்க் நகரில் முதலாவது ‘சமையல் தொழிற்சாலை’ திறக்கப்பட்டது. அம்முயற்சி பற்றாக்குறையாலும் அதிகாரத்துவத்தாலும் தளர்ந்தமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1990 ஜனவரி 31 ஆம் திகதி மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் மக்டொனால்ட் உணவகம் திறக்கப்பட்ட அன்று 30,000 இற்கும் அதிகமானோர் வரிசையில் நின்றனர். 2022 இல் உக்ரைன் போரையடுத்து அந்நிறுவனம் ரஷ்யாவை விட்டு வெளியேறியது. அவ்வரிசை அமெரிக்க வர்த்தகத்தின் வெற்றி என்றே உலகெங்கும் எழுதப்பட்டது. நிறைவேறாது போன பொதுச் சமையலறையின் வெற்றிடத்தையும் அது காட்டியது.

4

உற்பத்தி, நுகர்வோனுக்குப் பொருளை மாத்திரமன்றிப் பொருளுக்கு நுகர்வோனையும் படைக்கின்றது என்பது 1857-58 காலக் குறிப்பேடுகளில் மார்க்ஸ் வகுத்த கருத்து. துரித உணவு நிறுவனங்கள் தமது நுகர்வோனைப் படைத்த களம் தொலைக்காட்சியாகும். 1950 இல் அமெரிக்கக் குடும்பங்களுள் 9 வீதமே தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தன. 1960 இல் அது 87 வீதமாயிற்று. 1963 இல் வாஷிங்டன் தொலைக்காட்சியில் ‘ரொனால்ட் மக்டொனால்ட்’ என்னும் கோமாளிப் பாத்திரம் தோன்றியது. 1979 இல் விளையாட்டுப் பொருளுடன் கூடிய சிறுவர் உணவுப் பொதி அறிமுகமாயிற்று. அவ்வாண்டு இறுதியிலேயே அது ஒரு திரைப்படத்தின் விளம்பரத்துடன் இணைக்கப்பட்டது. 1996 இல் மக்டொனால்ட் நிறுவனமும் டிஸ்னி நிறுவனமும் பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. கதை உணவை விற்றது. உணவு கதையை விற்றது.

இதன் தாக்கத்தினை 2007 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்குகின்றது. 3 முதல் 5 வயது வரையிலான 63 பிள்ளைகளுக்கு ஒரே உணவு இரு வகைக் கடதாசியிற் சுற்றிக் கொடுக்கப்பட்டது. ஒன்றில் மக்டொனால்ட் சின்னம் இருந்தது, மற்றையதில் இல்லை. சின்னமிட்டதே சுவையானதெனப் பிள்ளைகள் பெரிதும் கூறினர். அந்நிறுவனம் அப்போது விற்காத கரட் கூட அக்கடதாசியிற் சுற்றப்பட்டபோது கூடிய சுவை பெற்றது. நாவின் அனுபவமே குறியீட்டால் ஆளப்படுவதை இது காட்டுகின்றது. பண்டத்தின் மாய வழிபாடு என்று மார்க்ஸ் கூறியதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

பண்பாட்டுத் தொழிற்றுறை என்னும் கருத்தாக்கத்தை அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் உருவாக்கிய இடமும் காலமும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. நாசிகளிடமிருந்து தப்பி லொஸ் ஏஞ்சல்ஸில் தங்கியிருந்தபோது எழுதிய நூலை 1944 இற் பிரதிகளாகவும் 1947 இல் அச்சிலும் அவர்கள் வெளியிட்டனர். அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலேயே, ஓராண்டின் பின், மக்டொனால்ட் சகோதரர் தமது சமையலறையை மாற்றியமைத்தனர். திரைப்படத்தில் அவர்கள் கண்ட தரப்படுத்தலும் போலித் தேர்வுச் சுதந்திரமும் இவ்வுணவகத்தின் விலைப்பட்டியலிலும் காணப்படுகின்றன.

எனினும் அவர்களது நோக்கினை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. அது மக்களை ஏமாளிகளாகவே காண்கின்றது. மக்களை ‘வெகுசனம்’ எனத் திரளாக நோக்கும் பார்வையையே றேமண்ட் வில்லியம்ஸ் 1958 இற் கேள்விக்குட்படுத்தினார். எதிர்ப்பு இல்லாமலும் இருக்கவில்லை. சிறுவருக்கான தொலைக்காட்சி விளம்பரங்களைக் கட்டுப்படுத்த ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1978 இல் முன்வந்தது. தொழிலதிபர்களின் நெருக்குதலால் காங்கிரஸ் 1980 இற் சட்டம் இயற்றி அம்முயற்சியைத் தடுத்தது. பிள்ளைகளின் மனம் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டமை பெற்றோரின் அசட்டையால் நிகழ்ந்ததன்று. அது சட்டமன்றத்தில் எடுக்கப்பட்ட ஓர் அரசியல் முடிவு. இலண்டனில் ஹெலன் ஸ்ரீல், டேவ் மொறிஸ் என்னும் இரு செயற்பாட்டாளர் மீது மக்டொனால்ட் நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில், நிறுவனம் பல விடயங்களில் வென்றபோதும், அதன் விளம்பரங்கள் பிள்ளைகளைச் சுரண்டுகின்றன என்னும் கூற்று 1997 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஏற்கப்பட்டது.

5

உடல் நிலைக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவில் வயதுவந்தோருள் மிகைப்பருமன் உடையோர் 1960-62 இல் ஏறத்தாழ 13 வீதம்; 2017-18 இல் 42 வீதம். 2013-16 காலத்தில், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், வயதுவந்தோருள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் துரித உணவு உட்கொண்டனர். இவ்விரு உண்மைகளும் ஒன்றாக நிகழ்ந்தமை மாத்திரம் காரணகாரியத் தொடர்பை நிறுவாது. இவ்வகையில் ஐக்கிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் குழுவினர் நடத்தி 2019 இல் வெளியிட்ட பரிசோதனை முக்கியமானது. 20 பேர் இரு வாரங்கள் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரு வாரங்கள் அவ்வாறு பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு உண்டனர். வழங்கப்பட்ட இருவகை உணவிலும் சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகியன சமப்படுத்தப்பட்டிருந்தன. அவ்வாறிருந்தும் முதல்வகை உணவின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ 0.9 கிலோகிராம் நிறை கூடினர். அவ்வுணவை அவர்கள் விரைவாகவும் உண்டனர். அதே மனிதர், அதே மனவுறுதி. உணவு மாத்திரமே மாறியது. சுயகட்டுப்பாட்டின்மை என்னும் ஒழுக்கவியல் விளக்கம் இங்கு பெரிதும் வலுவிழக்கின்றது.

மனநலம் பற்றிய சான்றுகள் இத்துணை உறுதியானவையல்ல. அவுஸ்திரேலியாவில் 67 மனச்சோர்வு நோயாளரிடையே நடத்தி 2017 இல் வெளியான ஆய்வு, உணவு முறையைச் சீராக்குதல் நோயைத் தணிக்க உதவியதாகக் காட்டியது. தொகை சிறிதாதலால் முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது. ஆனால் மனத்தின் மீதான தாக்கத்தை நோயியலில் மாத்திரம் தேடுதல் போதாது. உணவு உண்ணுதல் ஒரு கூட்டுச் செயலாக இருந்து, நேரத்தோடு போட்டியிடும் தனியாள் செயலாக மாறுதல், மனித உறவுகளிலும் ஒரு மாற்றமாகும்.

6

இனி, தட்டில் உணவை இட்ட கைக்குத் திரும்புவோம். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி ஆய்வாளர் 2013 இல் வெளியிட்ட கணிப்பின்படி, துரித உணவுக் கடைகளின் முன்னிலைப் பணியாளர் குடும்பங்களுள் 52 வீதமானவை ஏதேனுமோர் அரசாங்க உதவித் திட்டத்திற் தங்கியிருந்தன. அதற்கான செலவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 கோடி டொலர். மலிவான உணவின் விலையில் ஒரு பகுதியைப் பொதுமக்களே வேறு வழியிற் செலுத்தினர் என்பதே இதன் பொருள். அத்தொழிலாளரின் கூலி, அவர்களே விற்கும் உணவைத் தவிர வேறெதையும் வாங்க இடமளிக்காத சுற்றுவட்டத்தினை இங்கு காண்கின்றோம்.

2012 நவெம்பர் 29 ஆம் திகதி நியூயோர்க் நகரில் ஏறத்தாழ 200 துரித உணவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, மணித்தியாலத்துக்கு 15 டொலர் கூலியும் தொழிற்சங்க உரிமையும் கோரினர். எளிதில் மாற்றத்தக்க கைகள் எனக் கருதப்பட்டோர் வரலாற்றின் மேடைக்கு வந்தமை அது. அதன் தொடர்ச்சியாக எழுந்த இயக்கத்தின் பயனாக, 2024 ஏப்பிரல் 1 முதல் கலிபோர்ணியாவில், பெரும் நிறுவனங்களின் துரித உணவுத் தொழிலாளருக்கு 20 டொலர் குறைந்தபட்சக் கூலியாயிற்று.

சிக்காகோவின் கதையும் முடிந்துவிடவில்லை. 2020 இல் கொவிட் தொற்று இறைச்சித் தொழிற்சாலைகளில் வேகமாகப் பரவிற்று. நெருங்கி நின்று வேலை செய்யும் வரிசை முறையே அதற்கு வழிவகுத்தது. ஏப்பிரல் 28 ஆம் திகதி, அத்தொழிற்சாலைகள் தொடர்ந்து இயங்கவேண்டுமென ஜனாதிபதி ட்ரம்ப் ஆணை பிறப்பித்தார். நாட்டின் இறைச்சி வழங்கல் தடைப்படலாகாது என்பதே காரணம். 1906 இற்போலவே 2020 இலும் வயிறு கணக்கிலெடுக்கப்பட்டது. தொழிலாளி கணக்கில் எடுக்கப்படவில்லை.

7

இவ்வனுபவம் நமக்கு உணர்த்துவது யாது? இலங்கையில் 1977 இன் பின்னரான திறந்த பொருளாதாரச் சூழலில், 1980 இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது; 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1990களில் அமெரிக்கத் துரித உணவு நிறுவனங்கள் கொழும்பிற் கிளை திறந்தபோது, மாவும் திரையும் ஏற்கெனவே வீடுகளுக்குள் வந்துவிட்டன. இதனைக் கண்டு, புட்டையும் குரக்கனையும் மறந்தோமே என இரங்கும் கட்டுரைகள் நம் இதழ்களிலும் வெளிவருகின்றன. அவ்விரக்கம் உண்மையானதே. ஆனால் அக்குரக்கனை இடித்த கைகள் யாருடையவை, அதற்கு எத்தனை மணித்தியாலம் சென்றது என்னும் வினாக்களை அக்கட்டுரைகள் எழுப்புவது அரிது.

மலையகத் தோட்டங்களிலோ துரித உணவுக்குக் கடையும் விளம்பரமும் தேவைப்படவில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைக் கவனித்து, கொழுந்து பறிக்க மலையேற வேண்டிய பெண், கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டிச் சம்பலுடன் கட்டிக்கொண்டு செல்கின்றாள். தோட்ட நிர்வாகம் மாவைக் கொடுத்துச் சம்பளத்திற் கழித்த வரலாறு அந்த ரொட்டிக்குள் இருக்கின்றது. அவளது அவசரம் அவளுடையதன்று. அது பிரட்டுக் களத்து நேரத்தின் அவசரம். சான் பேர்னாடினோவின் சமையலறைக்கும் லயத்து அடுப்படிக்கும் இடையே எத்துணையோ வேறுபாடுகள் உண்டு. இரண்டிலும் உணவின் வேகத்தைத் தீர்மானிப்பது வேலைநாளே.

ஆகவே, மக்களின் உணவு சீர்பெற வேண்டும் என்போர் வேலைநாளின் நீளம், கூலி, வீட்டு வேலையின் பங்கீடு, பிள்ளைகளை நோக்கிய விளம்பரத்தின் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றியும் பேசவேண்டியவராகின்றனர். உணவுப் போதனைக்குப் பயனில்லை என்பதன்று எமது கருத்து. சமைக்கவும் சேர்ந்து உண்ணவும் நேரமில்லாதவருக்குச் செய்யும் போதனை பழிசுமத்தலாகவே முடியும் என்பதாகும். சிங்கிளெயரின் வாசகர் ‘த ஜங்கிள்’ நாவலில் விட்டுச்சென்ற பக்கங்கள் நூற்றிருபது ஆண்டுகளாகியும் வாசிப்பாருக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை வாசிப்பது இலக்கிய மாணவருக்கு மாத்திரம் உரிய கடமையன்று.